இரண்டாவது டிஸ்க்

நேற்று ஆபீசைச் சுத்தம் செய்தோம். நாளைக்கு ஆயுத பூசை. மாடிப்படிக்கு அடியில் கிடந்த பழைய சாமான்களை வெளியே எடுத்துப் போட்டபோது அந்தப் பெட்டியும் வந்தது. இடுப்பளவு உயரம், முன்பக்கம் கதவு வைத்த டவர் கேபினட். உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளையாக வாங்கியது, இப்போது பழுப்பேறி நிற்கிறது. முகப்பில் மூன்று விரல் அகலத்துக்குச் சந்தனம் காய்ந்து ஓடாக ஒட்டியிருந்தது. நடுவில் கறுத்துப்போன குங்குமம். துடைக்க வந்தவர்களை நிறுத்திவிட்டு நானே பக்கத்து மூடியின் திருகுகளைக் கழற்றினேன்.

மூடி கையோடு வந்ததும் உள்ளே அடைந்து கிடந்த தூசி வாடையும் பழைய சந்தன வாடையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. மூடியின் உட்பக்கம், நான்கு மூலையிலும் கறுப்பு இன்சுலேஷன் டேப் போட்டு ஒட்டிய ஒரு தாள் இருந்தது. உங்கள் கையெழுத்து. எட்டு வரிகள். ஆறாவது வரியின்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தலைசுற்றுகிறதா மேடம் என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நீங்கள் போய் மூன்று மாதமாகிறது. பாலிடெக்னிக்கில் நம்மோடு படித்த ஒருத்தி போன் செய்து சொன்னாள். மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது, நாளைக்குக் காரமடையில் அடக்கம் என்றாள். வருகிறேன் என்று சொன்னேன். வரவில்லை. வேலை இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்ன வேலை என்று இன்றைக்குக் கேட்டால் எனக்கே தெரியாது. உங்கள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. கண்மூடிக் கிடக்கும் முகம்தான், எதையும் கேட்கப்போவதில்லை, இருந்தும் வெட்கமாக இருந்தது.

உயிரோடு இருந்தவரை உங்களை நான் நீ, வா, போ என்றுதான் அழைத்தேன். ஒரே வகுப்பு, ஒரே வயது, பெண்கள் வரிசையில் ஒரே பெஞ்ச். நீங்களோ முதல் நாளிலிருந்து கடைசிவரை என்னிடம் 'ங்க' போட்டுத்தான் பேசினீர்கள். என் வீட்டார் சொந்தத் தோட்டம் வைத்திருந்தவர்கள். உங்கள் அப்பாவும் அம்மாவும் எங்களைப் போன்றவர்களின் தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். மூன்று வருடம் ஒரே டிபன் டப்பாவில் கைவைத்துச் சாப்பிட்டோம், அப்போதும் இது எனக்கு உறைக்கவில்லை. நமக்குள் என்ன வித்தியாசம் என்று நானே பெருமையாகப் பேசிக்கொள்வேன். இந்த மடலில் உங்களை 'நீ' என்று எழுத நேற்று இரண்டு முறை முயன்று பார்த்தேன். கை வரவில்லை.

தொண்ணூற்றெட்டு என்று நினைக்கிறேன். கணபதியில் என் பெரியப்பாவுக்கு பம்ப்செட் தயாரிக்கும் கம்பெனி இருந்தது. இன்டர்நெட், வெப்சைட் என்ற வார்த்தைகள் அப்போதுதான் கோயமுத்தூர் முதலாளிகளின் வாயில் அடிபட ஆரம்பித்திருந்தன. பவானியில், கொடுமுடியில் உட்கார்ந்திருக்கும் டீலர் போன் லைன் வழியாக உள்ளே வந்து, எந்த மோட்டாருக்கு எந்த உதிரிப்பாகம் இருக்கிறது, எந்த விவசாயி எப்போது வாங்கினார், வாரண்டி இருக்கிறதா என்று திரையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு சர்வர் வேண்டும். பெரியப்பா ஒரு தொகையைச் சொன்னார். "இதுக்குள்ள முடிச்சுப்போடு அம்மணி. மேல ஒரு பைசா கேக்கப்படாது" என்றார். புரோகிராம் எழுதுவது என் வேலை. பாகங்களைத் தேர்ந்தெடுத்து ஒன்றாகக் கோத்துப் பெட்டியைப் பூட்டுவதற்கு உங்களைக் கூட்டிக்கொண்டு போனேன்.

உங்களைப் பெரியப்பா மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒரு வாக்குக் கொடுத்தார். "பொட்டி ஒழுங்கா ஓடுச்சுன்னா, நம்ம சங்கத்துல இருக்கற அஞ்சாறு கம்பெனிக்கும் நானே சொல்லி உடறேன். அவிகளும் உங்கிட்டயே வாங்கட்டும்." அந்த ஒரு வாக்கை வைத்து நீங்கள் மனதுக்குள் ஒரு கடையே கட்டிவிட்டீர்கள். காரமடையில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை வாடகைக்கு இருந்தது. பஸ்ஸில் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பதாகச் சொன்னீர்கள். "போர்டு கூட யோசிச்சுப்போட்டனுங்க" என்றீர்கள். என்ன பெயர் என்று கேட்டதற்கு, முதலில் பெட்டி ஓடட்டும், பிறகு சொல்கிறேன் என்று சிரித்தீர்கள். அந்தப் பெயரை எனக்குக் கடைசிவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

காந்திபுரத்தில் ஒரு வாரம் அலைந்தோம். நீங்கள் சாமான் வாங்கும் விதம் கடைக்காரர்களுக்குப் பிடிக்காது. பவர் சப்ளை டப்பாவை விலை கேட்பதற்கு முன்னால் கையில் தூக்கிப் பார்ப்பீர்கள். இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று. "வெயிட்டப் பாத்தாலே தெரிஞ்சுபோகுமுங்க, உள்ள செம்பு இருக்குதா காத்து இருக்குதான்னு" என்பீர்கள். ஃபேனை ஓடவிட்டுக் காதருகே வைத்துக் கேட்பீர்கள். ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது ஒரே கடையில் ஒரே பெட்டியிலிருந்து இரண்டு எடுக்கக் கூடாது என்றீர்கள். ஒன்றாகப் பிறந்தது ஒன்றாகவே சாகும், வேறு வேறு கடையில் வாங்க வேண்டும் என்றீர்கள். எனக்குக் கால் வலித்தது. பக்கத்துக் கடையில் கரும்புச்சாறு குடித்துக்கொண்டே உங்களைக் கிண்டல் செய்தேன், பெண் பார்க்க வந்த மாமியார் மாதிரி பார்க்கிறாய் என்று.

லிஸ்ட் எழுதினீர்கள். எட்டு வரி. பிராசஸர், போன வருட மாடல் போதும். மெமரி, காசு இடம் கொடுக்கும் மட்டும். கனமான பவர் சப்ளை. யூ.பி.எஸ். ஒன்று. ஹார்ட் டிஸ்க் ஒன்று. அதே அளவில் இன்னொரு ஹார்ட் டிஸ்க், தினமும் எல்லாவற்றையும் நகலெடுத்து வைக்க. போன் லைனோடு இணைக்க மோடம் ஒன்று. எட்டாவது வரியில், பழைய கறுப்பு வெள்ளை மானிட்டர், சும்மா கிடைத்தாலும் சரி. இயங்குதளத்துக்குச் செலவே இல்லை. ஒரு பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியைப் பத்திரமாக வைத்திருந்தீர்கள்.

எட்டாவது வரி எனக்குப் பிடிக்கவில்லை. திறப்பு விழாவுக்குச் சங்கத்து முதலாளிகள் வருவார்கள். என் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் அதில் இருப்பார்கள். எஞ்சினியரிங் கிடைக்காமல் டிப்ளமாவுக்குப் போன பெண் என்று என்னைப் பார்த்தவர்கள் அவர்கள். அவர்கள் முன்னால் எங்கோ பழைய சாமான் விற்கும் ஆக்கர் கடையில் எடுத்த கறுப்பு வெள்ளை மானிட்டரை வைத்துக்கொண்டு நிற்பதா என்று நினைத்தேன். பதினேழு அங்குலக் கலர் மானிட்டர் வேண்டும் என்றேன். பெட்டியும் கதவு வைத்த பெரிய டவராக இருக்கட்டும் என்றேன்.

நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "சர்வருக்கு மூஞ்சி எதுக்குங்க? அது ஒரு மூலையில உக்காந்து சோலி பாக்கறது. அது மூஞ்சிய ஆரு பாக்கப்போறாங்க?"

நான் விடவில்லை. தொகைக்குள் அடங்க வேண்டுமென்றால் இரண்டாவது டிஸ்க்கை எடுத்துவிடலாம் என்றேன். நீங்கள் பொறுமையாக எடுத்துச் சொன்னீர்கள். "வேகம் கம்மியா இருந்தா டீலரு ரெண்டு நிமிசம் காத்துட்டு இருப்பாருங்க. டிஸ்க் போச்சுன்னா மொத்தமும் போச்சுங்க. டிஸ்க்குங்கறது என்னைக்காவது ஒரு நாள் போறதுக்குன்னே இருக்கறதுங்க." நான் பேனாவை எடுத்தேன். சிவப்பு மைப் பேனா. ஆறாவது வரியின்மேல் கோடு போட்டேன். "கம்பெனி என் பெரியப்பாவோடது" என்று சொன்னேன். ஆமாம், அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். வேறு வார்த்தையாக இருந்திருக்கக் கூடாதா என்று பல முறை யோசித்துப் பார்த்துவிட்டேன்.

"உங்க இஷ்டமுங்க" என்றீர்கள். பிறகு, "கேபிள்ல ஒரு முனைய மட்டும் சும்மா உட்டு வெக்கறனுங்க. அப்பறமா எப்பவாச்சும் பணம் வந்துச்சுன்னா ரெண்டாவத மாட்டிக்கலாம்" என்றீர்கள்.

நீங்கள் பூட்டும் ஒவ்வொரு பெட்டியின் மூடிக்குள்ளும் அதில் என்ன இருக்கிறது என்ற லிஸ்ட்டை ஒட்டிவைப்பது உங்கள் வழக்கம். நாளைக்கு யார் திறந்தாலும் தெரிய வேண்டும் என்பீர்கள். இந்தப் பெட்டிக்கும் ஒட்டினீர்கள். புதிதாக ஒன்று எழுதி ஒட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். என் சிவப்புக் கோட்டோடு அதே தாளை ஒட்டிவிட்டு, திருகைப் போட்டு முடுக்கினீர்கள். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. என்ன நடந்ததோ அது தாளில் இருக்க வேண்டும், உங்களுக்கு அவ்வளவுதான்.

திறப்பு விழா நன்றாக நடந்தது. எல்லோரும் மானிட்டரைத்தான் பார்த்தார்கள். சினிமா தியேட்டர் மாதிரி இருக்குதே அம்மணி என்றார் ஒருவர். பெரியப்பா என் தோளைத் தட்டினார். நீங்கள் அந்த நேரத்தில் வெளியே சுவரோரம் குனிந்து எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். குழி காய்ந்திருந்தால் எர்த் எடுக்காது என்று காலையிலேயே சொல்லியிருந்தீர்கள். ஜன்னல் வழியாக உங்களைப் பார்த்தேன். கூப்பிட்டு அறிமுகம் செய்திருக்கலாம். கூப்பிடவில்லை.

ஐந்து மாதம் பெட்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. வாரண்டிக் கார்டுகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். பெரும்பாலும் நீங்கள்தான் உட்கார்ந்து ஏற்றினீர்கள். முதலாளிகளில் இரண்டு பேர் உங்களிடம் விலை கேட்டார்கள். ரயில்வே கேட் கடைக்கு அட்வான்ஸ் பேசப் போகிறேன் என்று சொன்னீர்கள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் திறந்துவிட வேண்டும் என்றீர்கள்.

பிறகு ஆயுத பூசை வந்தது.

கோயமுத்தூர்க் கம்பெனிகளில் ஆயுத பூசை எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு லேத், டிரில்லிங் மெஷின், ஸ்பேனர், தராசு என்று எதுவும் வேலை செய்யக் கூடாது. குளிப்பாட்டிச் சந்தனம் வைத்து எல்லாவற்றையும் ஒன்றாகச் சாமி முன்னால் வரிசையாக வைக்க வேண்டும். மெயின் சுவிட்சைப் பெரியப்பாவே கையால் இறக்குவார். சுத்தம் செய்கிறேன் என்று ஒரு வாரம் முன்பே ஆபீசில் இருந்த பழைய வாரண்டிக் கார்டுகளை எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிட்டார்கள். கம்ப்யூட்டரில்தான் ஏறிவிட்டதே, இனி எதற்கு என்று என்னைக் கேட்டார்கள். போடுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

முந்தின நாள் நீங்கள் என்னிடம் வந்தீர்கள். "பூசைக்குப் பொட்டிய நிறுத்தோணுமுங்களே. நான் வந்து நிறுத்திக் குடுத்துட்டுப் போயர்றனுங்க" என்றீர்கள். அப்போதுதான் பெரியப்பா, கிறிஸ்தவர்களுக்கு இதெல்லாம் கிடையாதே, எதற்கு வரச் சொல்கிறாய் என்று என்னிடம் சொல்லியிருந்தார். "நீ லீவு எடுத்துக்கோ, நான் பாத்துக்கறேன்" என்றேன் உங்களிடம். உங்களுக்குப் புரிந்திருக்கும். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. எந்தக் கட்டளை கொடுத்து, எந்த வரி திரையில் வரும்வரை காத்திருந்து, பிறகு எந்த சுவிட்ச் என்று ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிட்டுப் போனீர்கள்.

காலையில் நான் போவதற்குள் மானிட்டரைத் துடைத்து மாலை போட்டிருந்தார்கள். உங்கள் தாளைக் காணோம். எனக்கு அது தேவையும் இல்லை, கட்டளை எனக்குத் தெரியும். இரண்டு நிமிட வேலை. ஆனால் பெரியப்பா பட்டு வேட்டியோடு மெயின் சுவிட்ச் பக்கத்தில் நின்றிருந்தார். ராகு காலம் வரப்போகிறது என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். ஐம்பது அறுபது பேர் கைகூப்பி நின்றார்கள். கொஞ்சம் பொறுங்கள் பெரியப்பா என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெரியவர்கள் நிற்கும் இடத்தில், பூசை நேரத்தில், பொறுங்கள் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. வாயைத் திறப்பதற்குள் அவர் சுவிட்சை இறக்கிவிட்டார்.

கம்பெனி முழுவதும் அடங்கியது. அந்த அமைதியில் உங்கள் யூ.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. கீக், கீக் என்று நிறுத்தாமல். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "என்னது அது, அபசகுனமாட்ட கத்துது" என்று யாரோ முணுமுணுத்தார். எனக்கு மானம் போவது போல் இருந்தது. ஓடிப்போய் யூ.பி.எஸ்.ஸின் பட்டனை அமுக்கிவிட்டேன். சத்தம் நின்றது. சர்வரும் செத்தது. உடனே இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமாகப் பெட்டியைத் தூக்கினார்கள். உள்ளே டிஸ்க் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். கொண்டுபோய் ஸ்பேனர்களுக்கும் தராசுக்கும் நடுவில் மேசைமேல் நங்கென்று வைத்தார்கள். மூன்று விரலால் சந்தனம் இட்டார்கள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் விஜயதசமி. மெஷின்களை எல்லாம் புதிதாக ஓட்டிப் பார்க்கும் நாள். பெட்டியின் சுவிட்சைப் போட்டால் டக், டக், டக் என்ற சத்தம் மட்டும் வந்தது. மானிட்டர் பதினேழு அங்குலத்துக்கும் கறுப்பாக இருந்தது. உங்கள் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து வரச் சொன்னேன். காரமடையிலிருந்து பஸ் பிடித்து, ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டே ஓடிவந்தீர்கள். காதை வைத்துக் கேட்டீர்கள். ஒரு முறை கேட்டதுமே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் மூன்று முறை போட்டுப் பார்த்தீர்கள்.

பெரியப்பா அறையில் பெட்டியை நடுவில் வைத்துச் சுற்றி நின்றோம். உங்களிடம் விலை கேட்ட இரண்டு முதலாளிகளில் ஒருவரும் அங்கே இருந்தார், விஜயதசமிக்கு இனிப்பு கொடுக்க வந்தவர். பெரியப்பா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இது ஆரு பூட்டுன பொட்டி?"

"அவதானுங்க பெரியப்பா" என்றேன்.

அது பொய் இல்லை. அதனால்தான் சொல்வதற்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. பெரியப்பா உங்கள் பக்கம் திரும்பினார். "சோலி தெரிஞ்ச ஆளுககிட்டக் குடுத்திருக்கோணும். கண்டதுகளையும் உள்ள உட்டா இப்படித்தான்" என்றார். உங்களிடம் நேராகக்கூடச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

உங்கள் கை மூடியின் திருகுமேல் இருந்தது. ஸ்க்ரூ டிரைவர் இன்னொரு கையில் இருந்தது. இரண்டு திருகு. மூடியைத் திறந்தால் போதும். உள்ளே உங்கள் எழுத்து இருக்கிறது, என் சிவப்புக் கோடு இருக்கிறது. அந்தத் தாள் அங்கே இருப்பது அந்த அறையில் நம் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கோபமாகப் பார்க்கவில்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்தீர்கள். அந்த நேரம் எவ்வளவு இருக்கும், மூச்சு நான்கைந்து முறை வந்து போகும் நேரம். நான் பெட்டிமேல் இருந்த சந்தனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருகிலிருந்து உங்கள் கை இறங்கியது.

"தப்புத்தானுங்க. மன்னிச்சுக்கோங்க" என்று பெரியப்பாவிடம் சொன்னீர்கள். ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் வைத்துக்கொண்டு, என்னிடம் "வாரனுங்க" என்றீர்கள். நான் தலையை ஆட்டினேன். வாசல்வரைகூட வரவில்லை.

அதன்பிறகு கணபதியில் உங்களிடம் யாரும் விலை கேட்கவில்லை. சங்கத்தில் ஒரு வார்த்தை போதும், அது போய்ச் சேர்ந்துவிடும். ரயில்வே கேட் கடையில் பிறகு ஒரு பேக்கரி வந்தது. நீங்கள் ஜெராக்ஸ் கடையில் வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். இங்கே டீலர்களிடம் இருந்த கார்டின் மறுபாதிகளை வாங்கி மூன்று மாதத்தில் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிவிட்டோம். புது டிஸ்க் வாங்கினோம், இரண்டு. பெரியப்பா கேள்வியே கேட்காமல் பணம் கொடுத்தார். அவற்றை வேறொரு பெட்டியில் மாட்டி, இந்தப் பெட்டியைத் திறக்காமலே மூலையில் போட்டேன். கடைக்காரர் வந்து திறந்தால் அந்தத் தாளைப் பார்ப்பாரே என்றுதான். பிறகு தனியாக ஆபீஸ் போட்டபோது, அதே பயத்தில் அதையும் கூடவே தூக்கி வந்தேன்.

நாலைந்து வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதற்கோ அந்தப் பேச்சு வந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, அன்றைக்குத் தப்பு என்மேல்தான் பெரியப்பா என்று ஆரம்பித்தேன். அவர் சிரித்தார். "தெரியும் அம்மணி. நீதான ஓடிப்போய் அந்தப் பட்டன அமுத்துனே, நான் பாத்துட்டுத்தான இருந்தேன். அதுக்காவ நம்ம புள்ளைய நாலு பேத்துக்கு முன்னால உட்டுக்குடுக்க முடியுமா?" இலை போட்டாகிவிட்டது என்று எழுந்து போனார். நானும் போய்ச் சாப்பிட்டேன். அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் மூன்று பேரும் அந்த அறையில் நின்றிருக்கிறோம். அதன்பிறகாவது உங்களைத் தேடி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கடைசியாக உங்களைப் பார்த்தது ஒரு பள்ளிக்கூடத்தில். கம்ப்யூட்டர் லேப் போட வேண்டும், ஆலோசனை வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். அதற்குள் நான் பெயர் வாங்கியிருந்தேன். மில்லுக்கும் ஆஸ்பத்திரிக்கும் சர்வர் போட்டுக் கொடுப்பவள், ரொம்ப ஜாக்கிரதையான ஆள் என்று பெயர். ஹெட்மிஸ்ட்ரஸ் லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நீங்கள் நின்றிருந்தீர்கள், லேப் அசிஸ்டென்டாக. "வாங்க, சௌக்கியமுங்களா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டீர்கள். நான் வெயில் ஜாஸ்தியாக இருக்கிறது என்றேன்.

குறைந்த செலவில் சர்வருக்கு என்னென்ன வேண்டும் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார். வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போனது. பிராசஸர் பழைய மாடல் போதும் மேடம். பவர் சப்ளை கனமாக இருக்க வேண்டும். மானிட்டர் தேவையே இல்லை. டிஸ்க் மட்டும் இரண்டு வேண்டும், வேறு வேறு கடையில் வாங்கியதாக. பாதியில் எனக்கே கேட்டது, யாருடைய வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று. நிறுத்த முடியவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் உங்களிடம் திரும்பி, "எல்லாத்தையும் எழுதிக்கோம்மா. மேடம் எவ்வளவு அனுபவத்துல சொல்றாங்க பாரு" என்றார். நீங்கள் நோட்டை எடுத்து, நான் சொல்லச் சொல்ல எழுதினீர்கள். எட்டு வரி. முடித்துவிட்டு, "வேற ஏதாவது உண்டுங்களா?" என்று என்னிடம் கேட்டீர்கள். இல்லை என்றேன்.

என் வாழ்க்கையில் அதைவிடக் கேவலமான ஒரு மணி நேரம் எனக்கு இருந்ததில்லை. காரில் ஏறியதும் அழுதேன். அழுததை ஒரு பிராயச்சித்தம் மாதிரி நினைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

இன்று காலை காரமடைக்குப் போனேன். அந்தத் தாளை டேப்போடு பிரித்தெடுத்து ஒரு கவரில் வைத்துக் கொண்டுபோனேன். உங்கள் வீட்டை ரங்கநாதர் கோயில் பக்கம் இரண்டு இடத்தில் விசாரித்துக் கண்டுபிடித்தேன். உங்கள் மகள் மட்டும் இருந்தாள். உங்களைப் போலவே நெற்றி. உங்களோடு படித்தவள், வேலை செய்தவள் என்று சொன்னதும் உட்கார வைத்துக் காப்பி கொண்டுவந்தாள். கவரைக் கொடுத்தேன்.

"அம்மா எழுத்துங்க" என்றாள் உடனே. வரி வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தாள். ஆறாவது வரியில் விரல் நின்றது.

"இது ஆரு அடிச்சதுங்க?"

அதே மாதிரி ஒரு கேள்வி. இந்த முறை பார்ப்பதற்குச் சந்தனம் எதுவும் இல்லை.

"நான்" என்றேன்.

பிறகு முழுவதையும் சொன்னேன். மானிட்டர், பூசை, யூ.பி.எஸ்., பெரியப்பா அறை, திருகுமேல் இருந்த உங்கள் கை, பள்ளிக்கூடத்து நோட்டு. அம்மா இதைப் பற்றி வீட்டில் ஒரு நாளும் பேசியதில்லை என்றாள். கடை வைக்க ஆசைப்பட்டது மட்டும் தெரியும், பணம் சேரவில்லை என்றுதான் நினைத்திருந்தோம் என்றாள்.

"அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா என்னங்க ஆயிருக்கும்?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். நானும் உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன். பெரியப்பா ஒரு உறுமல் உறுமியிருப்பார். ஒரு வாரம் வீட்டில் கிண்டல் செய்திருப்பார்கள். மானிட்டர் மகாராணி என்று ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். டிஸ்க் வாங்கிக் கொடுத்திருப்பார்.

"ஒண்ணும் ஆயிருக்காது" என்றேன்.

அவள் தாளை மடிக்காமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "காப்பி ஆறுதுங்க, குடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வெகு நேரம் வெளியே வரவில்லை. காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, வாசலில் நின்று "வாரேன் அம்மணி" என்று குரல் கொடுத்தேன். உள்ளிருந்து "செரிங்க" என்று மட்டும் வந்தது.

சாயங்காலம் ஆபீசுக்குத் திரும்பினேன். பெட்டி என் மேசைமேல் மூடியில்லாமல் நிற்கிறது. மூடியில் டேப்பின் நான்கு கறுப்புத் தடங்கள் இருக்கின்றன. உள்ளே டிஸ்க்கிலிருந்து வரும் கேபிளில், நடுவில் ஒரு முனை சும்மா தொங்குகிறது. ஆடாமல் இருக்க நீங்கள் நூலால் கட்டியிருக்கிறீர்கள். இரண்டாவது டிஸ்க் உட்காரும் இடத்தில் நான்கு திருகுகளையும் தயாராக முடுக்கி வைத்திருக்கிறீர்கள். அன்றைக்குப் பணம் வந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் மாட்டியிருக்கலாம்.

சந்தனம் குழைக்க வந்தவர்கள் இந்தப் பழைய பெட்டிக்கும் வைத்துவிடலாமா மேடம் என்று கேட்டார்கள். இதற்கு வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள், சர்வருக்கு மூஞ்சி எதுக்கு என்று நான் சொல்லக் கேட்டு, அதை என் வாக்கு என்று நினைத்துத் திரும்பச் சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள். எல்லோரையும் உட்காரச் சொன்னேன். முதலில் உங்கள் பெயரைச் சொன்னேன். பிறகு அந்தச் சிவப்புக் கோட்டிலிருந்து ஆரம்பித்தேன்.